மாடி கூடியும் கூடாத சொத்து வரி

கடலூரிலும் புதுச்சேரியிலும் சொத்து மதிப்பீட்டாளராகப் பணிபுரியும் நான், வங்கிக் கடனுக்காகவோ பாகப்பிரிவினைக்காகவோ ஒரு வீட்டை அளக்கப் போகும்போது, பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது ஆகிய நான்கையும் முதலில் கேட்டு வாங்குவேன். பத்திரமும் பட்டாவும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வரிப் பதிவில் உள்ள கட்டடப் பரப்பும் என் நாடா காட்டும் பரப்பும் ஒத்துப்போகும் வீடுகளோ குறைவு. விலையுயர்ந்த வீடு வைத்திருப்போர் கூடுதல் சொத்து வரி கட்ட வேண்டுமா என்று யாராவது கேட்டால், இந்த வேறுபாட்டிலிருந்துதான் நான் பேசத் தொடங்குகிறேன்.

இக்கேள்வியை அண்மைக் காலத்தில் அதிகம் கேட்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்கள். பிரிட்டனின் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், இங்கிலாந்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளின் உரிமையாளர்கள் 2028 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 பவுண்டு வரை கூடுதலாகக் கட்ட வேண்டும் என அறிவிக்கப்பட்டது. அங்கு வழக்கமான வீட்டு வரி இன்னும் 1991 ஆம் ஆண்டு விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அறிவிப்பின் காரணம் விளங்கும். சிங்கப்பூர் வேறு வழியில் செல்கிறது. அங்கு வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பே அடிப்படை. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த மதிப்பில் முதல் 12,000 சிங்கப்பூர் டாலருக்கு வரி இல்லை. அதன்பின் படிப்படியாக உயர்ந்து உச்ச வீதம் 32 சதவீதத்தை எட்டுகிறது. உரிமையாளர் குடியிராத வீட்டுக்கு வரி 12 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம் வரை செல்கிறது.

நம் நாட்டில் சொத்தின் விலைமீது வரி விதித்த அனுபவம் உண்டு. 1957 ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டம், அதன் கடைசிக் காலத்தில், 30 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நிகரச் செல்வத்துக்கு 1 சதவீதம் வசூலித்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு அதிலேயே விலக்கு இருந்தது. 2015 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அருண் ஜேட்லி அதை நீக்கியபோது, 2013-14 இல் நாடு முழுவதும் கிடைத்த தொகை 1,008 கோடி ரூபாய்தான் என்றும், வசூலிக்கும் செலவு அதிகம், வருவாய் குறைவு என்றும் காரணம் கூறினார். நிலம், கட்டடம் மீதான வரி அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 49 ஆவது இனமாக இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு அண்டை மாநிலமான கேரளம், 1999 ஏப்ரல் முதல் கட்டி முடிக்கப்பட்ட, 278.7 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 3,000 சதுர அடி அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஆடம்பர வரி விதித்தது. தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 2,000 ரூபாய். விலையைத் தொடாமல் பரப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்ட அந்த முறை எனக்குச் சரியாகவே படுகிறது. விலை குறித்து இரண்டு மதிப்பீட்டாளர்கள் இரண்டு தொகை சொல்லலாம். பரப்பில் அந்தச் சிக்கல் எழாது.

தமிழ்நாட்டிலும் பெரிய வீட்டுக்குக் கூடுதல் சுமை ஏற்கெனவே வந்துவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உயர்வில், 2021 இல் மாநகராட்சியான கடலூர் உட்பட, சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 வரை 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் உயர்த்தப்பட்டன. சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் சுமை ஏற வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த நோக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் உயர்வு பழைய வரியின்மீது ஏறுகிறது; பழைய வரியோ பதிவேட்டில் உள்ள பரப்பைப் பொறுத்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். 2,700 சதுர அடியில் மூன்று தளங்களாக எழுந்துவிட்ட ஒரு வீடு, முதலில் கட்டிய 900 சதுர அடித் தரைத்தளத்துக்கு மட்டும் அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டிவந்தது என்று கொள்வோம். பதிவின்படி அது 1,200 சதுர அடிக்குட்பட்ட வீடு என்பதால் 50 சதவீத உயர்வு மட்டும் ஏறி 1,800 ரூபாய் ஆகும். சதுர அடிக்கு அதே வீதத்தில் மூன்று தளங்களும் பதிவாகியிருந்தால் பழைய வரி 3,600 ரூபாய், 100 சதவீத உயர்வுக்குப் பின் 7,200 ரூபாய். அதாவது மூன்றில் ஒரு பங்காக இருந்த வரி, உயர்வுக்குப் பிறகு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. முறையாக எல்லாத் தளங்களையும் பதிந்த பக்கத்து வீட்டுக்காரர் முழுச் சுமையையும் தாங்குகிறார். பதிவைச் சீர் செய்யாமல் வீதத்தை மட்டும் உயர்த்தினால், நேர்மையாக நடந்தவருக்கே தண்டனை கிடைக்கிறது. எனக்கு இது பெரும் அநீதியாகத் தோன்றுகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் அண்ணன் தம்பி இருவருக்கான பாகப்பிரிவினைக்காக ஒரு வீட்டை அளந்தேன். தந்தை கட்டிய தரைத்தளம் தம்பிக்கு, அண்ணன் தம் சம்பாத்தியத்தில் எழுப்பிய மாடி அண்ணனுக்கு என்று பேச்சு முடிந்திருந்தது. வரிப் பதிவில் மாடியே இல்லை. அண்ணன் தம் பாகத்தின்மீது கடன் கேட்டபோது, வரி ரசீதில் இல்லாத தளத்தை வங்கி ஏற்கவில்லை. “வரி மிச்சம் என்று நினைத்தேன் சார், வீடே கணக்கில் இல்லாமல் போய்விட்டதே” என்று அவர் வருந்தியதை நான் மறக்கவில்லை. அளவு விவரங்களுடன் மனுக் கொடுத்து, மாடி பதிவாகி, நிலுவையும் கட்டி முடித்த பிறகுதான் அவருக்குக் கடன் கிடைத்தது.

விலையை மட்டும் அளவுகோலாகக் கொள்வதற்கு நான் தயங்குவதற்கும் காரணம் உண்டு. மஞ்சக்குப்பத்தில் முதன்மைச் சாலையை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடும்ப ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒரு மூதாட்டியின் மனை, இன்று கோடியைத் தொடலாம். அந்த விலை ஏறியதில் அவருக்கு ஒரு ரூபாய் வருமானமும் கூடவில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியிலும் தமிழர் பகுதியிலும், திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகளைச் சுண்ணாம்புப் பூச்சும் மரக்கட்டைத் தளமும் கெடாமல் பேணுவதற்கே உரிமையாளர்கள் பெருந்தொகை செலவிடுகிறார்கள். அவற்றின் மனை விலைக்கேற்ப ஆண்டுதோறும் வரி விதித்தால், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதே இலாபம் என்ற முடிவுக்கு அவர்களே தள்ளப்படுவார்கள். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த, பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடத்தை அரசே மீண்டும் எழுப்பி 2021 இல் திறக்க முடிந்தது. தனி வீடு ஒன்று இடிந்தால் அப்படி எழுப்பித் தர யாரும் இல்லை.

ஆகவே கூடுதல் வரி வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அது கட்டிய பரப்பின்மீது, 3,000 சதுர அடிக்கு மேல் படிப்படியாக ஏறுவதாக இருக்க வேண்டும். உரிமையாளரோ வாடகைதாரரோ குடியிராமல் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடக்கும் இரண்டாவது, மூன்றாவது வீடுகளுக்கு அது இன்னும் கூட வேண்டும். அந்த வீட்டு வாசலிலும் தெருவிளக்கு எரிகிறது, வடிகால் ஓடுகிறது, அவற்றுக்கான செலவைத் தெருவில் குடியிருப்பவர்கள் சுமக்கிறார்கள். வருமானமில்லாத முதியோருக்கு, வீடு கைமாறும் வரை கூடுதல் தொகையை மட்டும் ஒத்திவைக்கும் வாய்ப்பும் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

சட்டம் எப்போது மாறினாலும், உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்குரிய பதிவை இப்போதே பார்த்துக்கொள்ளலாம். பெயர், தளங்களின் எண்ணிக்கை, மொத்தப் பரப்பு, குடியிருப்பா வணிகமா என்ற வகை ஆகிய நான்கும் உண்மையோடு பொருந்த வேண்டும். கீழே இருந்த கடையை மூடிவிட்டு அறையாக மாற்றியவர்கள், வகை மாற்றம் கேட்காமல் இன்னும் வணிக வீதத்தில் கட்டி வருவதையும் பார்க்கிறேன். அவர்களுக்கு வரி குறையவே செய்யும். வீடு வாங்குபவர்கள் விற்பவரின் பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளத்தையும் அளந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். பதிவாகாத தளம் பின்னாளில் கண்டறியப்பட்டால், அதன் நிலுவையைக் கேட்டு வரும் அறிவிப்பு அப்போதைய உரிமையாளரான உங்கள் பெயருக்கே வரும்.