கடல் முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு

கரையோரப் பொறியாளர் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, தங்கள் ஊர்க் கடலைப் பற்றிய அரசு விவரங்கள் எங்கே கிடைக்கும் என்பதுதான். கிடைக்கவில்லை என்ற குறை இன்று பெரிதாக இல்லை. ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்பைக் கட்டணமின்றித் தமிழிலும் தருகிறது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கரைமாற்ற வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். ஆனால் இவற்றில் வரும் எண் ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்று கவனிக்காமலேயே பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். கவலை தருவது இதுதான்.

அலை உயரத்தையே எடுத்துக்கொள்வோம். முன்னறிவிப்பில் 2 மீட்டர் என்று இருந்தால், அன்று வரும் அலைகளில் மிகப் பெரியது 2 மீட்டர் என்று பலரும் கருதுகிறார்கள். உண்மையில் அது, அலைகளை உயர வரிசையில் அடுக்கி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கின் உயரத்துக்கு எடுக்கப்படும் சராசரி. எனவே அதைவிட உயர்ந்த அலைகள் அன்று வந்தே தீரும். ஆயிரம் அலைகளில் ஒன்று ஏறக்குறைய அதன் இரு மடங்கை எட்டும். மூன்று மணி நேரம் கடலில் நிற்கும் ஃபைபர் படகை ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலைகள் கடந்து செல்லும் என்பதால், 2 மீட்டர் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர், 3.5 மீட்டருக்கு மேற்பட்ட ஓர் அலையையாவது எதிர்பார்த்தே கிளம்ப வேண்டும். அனுபவமுள்ள மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றுலாப் படகு விடுகிறவர்களுக்கும், கடலுக்குள் அளவெடுக்கப் போகும் எங்கள் துறை இளைஞர்களுக்கும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயரத்துக்குப் பக்கத்திலேயே, நொடிக் கணக்கில், அலைக் காலம் என்று இன்னோர் எண் இருக்கும். ஓர் அலைமுகடு கடந்தபின் அடுத்தது வர எடுக்கும் நேரம் அது. பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆழ்கடலில், இந்தக் காலத்தைத் தன்னாலேயே பெருக்கி, வரும் விடையை 1.56 ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 8 நொடி அலை சுமார் 100 மீட்டர் நீளமுள்ளது. 16 நொடி அலை சுமார் 400 மீட்டர். இரண்டும் 1 மீட்டர் உயரமே என்றாலும், நீண்ட அலை கரையில் நெடுந்தூரம் ஏறி, திரும்பும்போது ஆளை இழுத்துச் செல்லும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்து, சில நாட்கள் பயணம் செய்து, நம் கரையில் காற்றே இல்லாத தெளிவான நாளில் வந்து மோதும் கள்ளக்கடல் இந்த வகையைச் சேர்ந்தது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. அந்த நாட்களில் இன்காய்ஸின் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. அலைக் காலம் 15 நொடியைத் தாண்டினால், உயரம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும், குடும்பத்தோடு நீரில் இறங்க வேண்டாம் என்றே நான் சொல்லி வருகிறேன்.

கரைமாற்ற வரைபடங்களுக்கு வேறு வகைக் கவனம் தேவை. 1990 முதல் 2016 வரையிலான படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, இந்தியக் கரையில் 33 விழுக்காடும் தமிழகக் கரையில் 41 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளாவதாகக் கூறியது. மாநிலச் சராசரியை வைத்து ஒரு குப்பத்தின் நிலையைச் சொல்ல முடியாது. சென்னைக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணல் தெற்கே நகர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வடக்கே நகர்கிறது. துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இந்த நகர்வு தடைப்பட்டதால்தான். ஆகவே ஜனவரிப் படத்தையும் ஆகஸ்டுப் படத்தையும் அருகருகே வைத்துக் கரை போய்விட்டது என்றோ வளர்ந்துவிட்டது என்றோ வாதிடுவது வீண்; ஒரே மாதத்துப் படங்களை, பல ஆண்டுகளுக்கு, ஒப்பிட வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாறாங்கற்களைக் கொட்டிய இடத்தில் கரைக்கோடு நகர வழியே இல்லை. வலை காயப்போட இருந்த மணல்பரப்பு முழுவதும் போயிருந்தாலும் அங்கே மாற்றம் இல்லை என்றே கோடு காட்டும்.

மனை வாங்குவோர் ஏமாறும் இடம் உயரக் கணக்கு. சென்னைத் துறைமுக ஓத அட்டவணையின், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் அளவையும் தரும் அட்டவணையின், சுழியம் சராசரிக் கடல்மட்டத்துக்குச் சுமார் 0.65 மீட்டர் கீழே இருக்கிறது. நில அளவையோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் கலந்து கழித்துப் பார்ப்பவருக்குத் தவறான விடையே கிடைக்கும். செயற்கைக்கோள் வழி உயர மாதிரிகளில் பல மீட்டர் பிழை இயல்பு என்பதால், இணையத்தில் 3 மீட்டர் என்று காட்டும் மனைக்கு வெள்ளம் வராது என்று எந்தப் பொறியாளரும் கையெழுத்திட மாட்டார். தரையின் உயரத்தை அளக்கும் லெவல் கருவியை வைத்து அளந்தே ஆக வேண்டும்.

கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடம் 1:25,000 அளவில் இருந்தால் அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்ற விதி பொருந்தும் ஊரில், அந்த ஐம்பது மீட்டரும் காகிதத்தில் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கோடு மனைக்கு வெளியே போவதாகத் தரகர் கைப்பேசியில் காட்டினால், சர்வே எண்களோடு கூடிய 1:4,000 வரைபடத்தைக் கேளுங்கள்; அதில் மீன் உலர்த்தும் களமும் படகு நிறுத்துமிடமும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஊர்ப் பஞ்சாயத்தாரோடு சேர்ந்து பாருங்கள். விடுபட்டிருந்தால், வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போதே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.