பத்து விளக்குகள் கூடுதலாக விற்ற வாரம்

சந்தையின் போக்கு மாறப்போவதை ஒரு சிறு வணிகர் முன்கூட்டியே அறிந்துகொள்ள அறிவியலில் ஏதேனும் வழி இருக்கிறதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு மக்கள் எதை விரும்புவார்கள் என்று சொல்லும் சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் மாற்றம் தொடங்கிவிட்டதை எவ்வளவு விரைவில் உணரலாம், உணர்ந்தபின் எவ்வளவு விரைவில் அதற்கேற்பத் திரும்பலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கணிதம் தெளிவான விடைகளை வைத்திருக்கிறது. அந்த விடைகள் பெரு நிறுவனங்களைவிடச் சிறு வணிகர்களுக்கே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

மேசை விளக்கு விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வாரத்திற்குச் சராசரியாக 100 விளக்குகள் விற்கின்றன. இந்த வாரம் 110 விற்றிருக்கின்றன. இது போக்கின் மாற்றமா? வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் சாராமல் தத்தம் விருப்பப்படி வந்து வாங்குகிறார்கள் என்றால், வார விற்பனையின் இயல்பான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ சராசரியின் வர்க்கமூலத்திற்குச் சமமாக இருக்கும். 100-இன் வர்க்கமூலம் 10. எனவே எதுவுமே மாறாதபோதும், மூன்றில் இரண்டு பங்கு வாரங்களில் விற்பனை 90-க்கும் 110-க்கும் இடையில் அலைந்துகொண்டுதான் இருக்கும். வாரத்திற்கு 10,000 விளக்குகள் விற்கும் பெரிய கடைக்கு இந்த அலைவு 100, அதாவது ஒரு விழுக்காடு மட்டுமே. வாரத்திற்கு 25 விற்கும் கடைக்கோ அது 5, அதாவது இருபது விழுக்காடு. கடை சிறியதாக ஆக ஆக, தற்செயலின் இரைச்சல் மெய்யான மாற்றத்தின் குரலை மூடிவிடுகிறது. ஒரு நல்ல வாரத்தைக் கண்டு மகிழ்ந்து கொள்முதலை உயர்த்துவதும், ஒரு மந்தமான வாரத்தைக் கண்டு கிரக நிலையையோ பெயர் எண்ணையோ ஆராயப் புறப்படுவதும், வர்க்கமூலம் விளக்கிவிடும் ஒன்றுக்கு வேறு காரணம் தேடும் வேலைதான். ஆண்டுதோறும் அடுத்த பெரிய போக்கை அறிவிக்கும் நிபுணர்களையும் நான் இந்தப் பட்டியலிலிருந்து முழுமையாக விலக்கிவிட மாட்டேன்.

இரைச்சலையும் மாற்றத்தையும் பிரித்தறிய, அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தோடு தொடர்புடைய ஆலையில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் 1924-ஆம் ஆண்டில் ஓர் எளிய வரைபடத்தை உருவாக்கினார். சராசரியை நடுக்கோடாக வரைந்து, ஒவ்வோர் அளவீட்டையும் ஒரு புள்ளியாகக் குறித்துவர வேண்டும். எட்டு புள்ளிகள் தொடர்ந்து கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்பது பின்னாளில் நிலைபெற்ற விதிகளுள் ஒன்று. எதுவும் மாறாத நிலையில் குறிப்பிட்ட எட்டு வாரங்களும் தற்செயலாகவே அப்படி அமைவதற்கான வாய்ப்பு 128-இல் ஒன்றுதான். எட்டு வாரம் காத்திருக்க இயலாதவர்கள் தனித்தனிப் பொருள்களாகப் பார்க்காமல் ஒத்த பொருள்களைக் கூட்டிப் பார்க்கலாம். எண்ணிக்கை பெருகினால் இரைச்சலின் விகிதம் குறையும்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய பகுதிக்கு வருகிறேன். கடைக்காரர் அந்தப் பத்து விளக்குகளை மெய்யான மாற்றம் என்று நம்பிவிட்டால் என்ன நடக்கிறது?

கடைக்காரர், அவருக்குச் சரக்கு தரும் மொத்த வணிகர், விளக்கைச் செய்யும் உற்பத்தியாளர் ஆகிய மூவரும் ஒரே நியாயமான விதியைப் பின்பற்றுகிறார்கள் என்று கொள்வோம்: கையிருப்பு எப்போதும் இரண்டு வாரத் தேவைக்குச் சமமாக இருக்க வேண்டும். கணக்கை எளிதாக்க, கேட்ட சரக்கு உடனே வந்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கடையில் 200 விளக்குகள் இருந்தன. 110 விற்று 90 எஞ்சியுள்ளன. புதிய விற்பனைக்கு ஏற்ப 220 இருப்பு வேண்டும் என்பதால் அவர் 130 கேட்கிறார். மொத்த வணிகரின் பார்வையில் தேவை 100-இலிருந்து 130-ஆக உயர்ந்திருக்கிறது. அவரிடம் இருந்த 200-இல் 130 போக 70 மிச்சம்; வேண்டிய இருப்பு 260; ஆகவே அவர் 190 கேட்கிறார். உற்பத்தியாளரிடம் 190 போக மிஞ்சியிருப்பது 10. வேண்டிய இருப்பு 380. எனவே அவர் அந்த வாரம் 370 விளக்குகளைச் செய்ய முடிவெடுக்கிறார்.

வாடிக்கையாளர்களின் தேவை பத்து விழுக்காடு உயர்ந்தது. ஆலையின் வேலையோ கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. மறுவாரமும் கடையில் அதே 110 விற்கிறது. கடைக்காரர் 110 கேட்கிறார். ஏற்கெனவே 260 வைத்திருக்கும் மொத்த வணிகருக்கு 110 போக 150 எஞ்சுகிறது. இப்போது 220 போதும், எனவே அவர் 70 மட்டும் கேட்கிறார். 380 விளக்குகளோடு காத்திருந்த உற்பத்தியாளருக்கு 70 போக 310 எஞ்சுகிறது. தேவை 70 என்று ஆனபின் அவருக்கு வேண்டிய இருப்பு வெறும் 140. அந்த வாரம் ஆலை ஒரு விளக்கும் செய்யவில்லை. அதற்கடுத்த வாரம் 20, அதன்பின் 110. ஒரே ஒரு முறை சிறிதளவு உயர்ந்து அப்படியே நின்றுவிட்ட தேவைக்கு ஆலை 370, சுழியம், 20, 110 என்று ஆடித் தீர்க்கிறது. அந்தப் பத்து விளக்குகள் தற்செயலாக விற்றவையாக இருந்து, மறுவாரம் விற்பனை பழையபடி 100-க்குத் திரும்பினாலோ, மொத்த வணிகர் உற்பத்தியாளரிடம் ஒரு விளக்கும் கேட்க மாட்டார், கணக்கிட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் மூவரில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வந்த கோரிக்கையைத் தேவை என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் கையிருப்பைச் சரிசெய்யும் அளவையும் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான் நடந்தது.

கைப்பிடியின் சிறு அசைவு நுனியில் பெரும் வீச்சாக மாறும் சாட்டையை ஒத்திருப்பதால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் இதை 1950-களின் இறுதியில் விரிவாக ஆராய்ந்தார். புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனையில் இதைக் கண்டது: குழந்தைகள் டயப்பரைப் பயன்படுத்தும் அளவு ஏறக்குறைய மாறாமல் இருக்க, தொழிற்சாலைக்கு வந்த கோரிக்கைகள் மட்டும் பெருமளவில் ஏறியிறங்கின. பேராசிரியர் ஹாவ் லீ தலைமையிலான ஆய்வுக் குழுவினர் 1997-இல் இதன் காரணங்களை வகைப்படுத்தினர். அவற்றுள் சிறு வணிகர் மறக்கக்கூடாத ஒன்று போலிக் கோரிக்கை. பொருள் தட்டுப்பாடாக இருக்கும்போது, கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று நினைப்பவர் இரு மடங்காகக் கேட்கிறார்; தட்டுப்பாடு தீர்ந்ததும் மிகுதியை ரத்துசெய்கிறார். 2001-இல் கணினி வலையமைப்புக் கருவிகளைச் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 200 கோடி டாலருக்கும் அதிக மதிப்புள்ள சரக்கை நட்டக் கணக்கில் எழுத நேர்ந்ததற்கு இத்தகைய இரட்டைக் கோரிக்கைகளும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இதை உணர்த்த ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் சில்லறை வணிகர் முதல் ஆலை வரை நான்கு நிலைகளில் அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல், சரக்கு வந்துசேரும் தாமதத்தோடு பீர் பெட்டிகளை விற்க வேண்டும். சில்லறை வணிகரிடம் கேட்கப்படும் அளவு முதலில் வாரத்திற்கு 4 பெட்டிகள்; ஐந்தாம் வாரத்தில் 8-ஆக உயர்ந்து அதன்பின் மாறுவதே இல்லை. ஆயினும் ஆட்டம் முடிவதற்குள் சரக்கு தீர்ந்தும் குவிந்தும் நிலைமை பெருங்குழப்பமாகிவிடும். வாடிக்கையாளர்களின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னால், ஆடியவர்கள் பெரும்பாலும் ஏறியிறங்கும் அலையொன்றையே வரைகிறார்கள். தங்கள் தாமதங்கள் உண்டாக்கிய அலையைச் சந்தையின் மனமாற்றம் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். சந்தை நிலையற்றது என்று நாம் புலம்பும் பல வேளைகளில், நாமும் அந்த அலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கான மருந்துகளில் ஒன்று, வியப்பூட்டும் விதமாக, நீர்மூழ்கிக் கப்பல் வேட்டையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய ராபர்ட் பிரவுன், நீருக்கடியில் நகரும் இலக்கின் இருப்பிடத்தைப் பிழை மிகுந்த அளவீடுகளிலிருந்து கணிக்கும் முறையை வகுத்தார். பின்னர் அதே முறையை உதிரிப் பாகங்களின் தேவையைக் கணிக்கப் பயன்படுத்தினார். புதிய அளவீடு பழைய கணிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதில் ஒரு பகுதியை மட்டும் நம்பிக் கணிப்பைத் திருத்த வேண்டும். அந்தப் பகுதி ஐந்தில் ஒன்று என்றால், 110 விற்ற வாரத்தில் நம் கடைக்காரரின் கணிப்பு 102 ஆகும். வேண்டிய இருப்பு 204. அவர் கேட்பது 114. மூவரும் இப்படியே செய்தால் ஆலை செய்ய வேண்டியது 370-க்குப் பதிலாக ஏறத்தாழ 127 விளக்குகள்தான். உயர்வு மெய்யானதாக இருந்தால் ஐந்து வாரங்களில் கணிப்பு 107-ஐ நெருங்கிவிடும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. விற்பனை வாராவாரம் சீராக ஏறிக்கொண்டே போனால் இந்தக் கணிப்பு எப்போதும் பின்தங்கியே நிற்கும். ஏறும் வேகத்தையும் அதே முறையில் தனியாகக் கணித்துச் சேர்க்கும் வழியைப் பொருளியலாளர் சார்லஸ் ஹோல்ட் 1957-இல் எழுதினார். பருவகால ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து அதைச் சோதித்துப் பார்த்தவர் பீட்டர் விண்டர்ஸ். ஹோல்ட்டின் கட்டுரை அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்திற்கான அறிக்கையாகவே இருந்து, 2004-இல்தான் ஓர் ஆய்விதழில் அச்சேறியது. இன்று கணினி அட்டவணையில் சில வினாடிகளில் முடியும் இக்கணக்கிற்குப் பின்னால் பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு இருக்கிறது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு அடிப்படைக் கணிதத்திற்கு நிதி மறுப்பவர்கள், நீர்மூழ்கியைத் தேடிய கணக்கு விளக்குக் கடையில் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

கணிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தாமதத்தை அது வெல்ல முடியாது. சரக்கு கேட்டதற்கும் கைக்கு வருவதற்கும் இடையே 16 வாரங்கள் ஆகுமானால், அவ்வளவு காலத்தின் இரைச்சலைத் தாங்கும் பாதுகாப்பு இருப்பு தேவை. அது கால அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், தாமதத்தை நான்கு வாரமாகக் குறைத்தால் பாதுகாப்பு இருப்பு பாதியாகும். போக்கின் விலகலோ வர்க்கமூலத்தில் அடங்குவதில்லை. விற்பனை வாரத்திற்கு 5 வீதம் சரிந்துகொண்டிருந்தால், 16 வாரத்திற்கு முன்பு கேட்ட சரக்கு வந்துசேரும்போது வார விற்பனை 80 குறைந்திருக்கும். இதனால்தான், சற்றே விலை கூடினாலும் விரைவாகவும் சிறு சிறு தொகுதிகளாகவும் தருபவரிடம் ஒரு பகுதியையேனும் வாங்குவது பல வேளைகளில் லாபமாகிறது. பொருளின் இறுதி வடிவத்தைத் தள்ளிப்போடுவது இன்னொரு வழி: இத்தாலிய ஆடை நிறுவனமான பெனெட்டன் சாயமேற்றாத நூலில் ஆடைகளைப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்தபின் சாயமேற்றியது. ஆடையின் மொத்தத் தேவையைக் கணிப்பது எளிது, நிறத்தைக் கணிப்பது கடினம். கடினமான முடிவை மட்டும் அது தாமதப்படுத்தியது.

இத்தனை கணக்குகளும் விற்பனைக் குறிப்பேட்டை நம்பியே நிற்கின்றன. அந்தக் குறிப்பேட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: விற்றவை மட்டுமே அதில் பதிவாகின்றன. செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோன ஒரு விளக்கு வகை அந்த வாரக் கணக்கில் 12 என்று நிற்கும். மீதி நாள்களில் அதைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எங்கும் எழுதப்படுவதில்லை. கணிப்பு முறை அந்த 12-ஐத் தேவை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரமும் குறைவாகவே கேட்கச் சொல்லும். மேலேறும் போக்கில் உள்ள பொருள்தான் முதலில் தீர்ந்துபோகும் என்பதால், கண்டுபிடிக்க வேண்டிய மாற்றமே ஏட்டில் சரிவாகத் தெரிகிறது. பொருள் தீர்ந்த நாளையும், இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களின் எண்ணிக்கையையும் குறிக்க இன்னும் இரண்டு பத்திகளைக் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டால், 12 என்ற எண்ணை இரண்டு நாள் விற்பனையாகப் படித்துக் கணிப்பைத் திருத்த முடியும்.