மறுபடியும் சிறுநீர்த் தொற்றா? மாத்திரைக்கு முன் ஒரு பரிசோதனை

பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் நோயின் பெயரையும் மருந்தையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். "மறுபடியும் சிறுநீர்த் தொற்று டாக்டர். போன முறை கொடுத்த மாத்திரையையே எழுதிக் கொடுங்கள், அதிலேயே சரியாகிவிட்டது." பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போகிறது, முக்குகிறது, சொட்டுச் சொட்டாகப் பெய்கிறது, ரத்தம் தெரிகிறது, சோபாவிலும் குளியலறைத் தரையிலும் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் அவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். காரணம்தான் பெரும்பாலும் வேறாக இருக்கிறது.

பத்து வயதைத் தாண்டாத பூனைகளில் இந்த அறிகுறிகளுக்குக் கிருமித்தொற்று காரணமாக இருப்பது அரிது. பாதிக்கும் மேற்பட்ட பூனைகளில் எவ்வளவு தேடினாலும் கிருமியும் அகப்படாது, கல்லும் அகப்படாது. சிறுநீர்ப்பை மட்டும் புண்பட்டு வலித்துக்கொண்டிருக்கும். காரணம் அறியப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்று இதைச் சொல்கிறோம். மருந்தே கொடுக்காவிட்டாலும் இது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டாம் நாள் ஆண்டிபயாடிக் தொடங்கி, ஏழாம் நாள் பூனை தெளிந்தால், நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. சில மாதங்களில் தொல்லை திரும்பும்போது பழைய சீட்டு வெளியே வருகிறது.

அந்தப் பழைய சீட்டைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். தேவையில்லாமல் கொடுக்கும் ஆண்டிபயாடிக் பூனையின் வயிற்றைக் கெடுக்கும். பின்னாளில் உண்மையான தொற்று வரும்போது கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும். சிறுநீர்த் தொற்றுக்கு அதிகம் எழுதப்படும் என்ரோஃப்ளாக்சசின், அளவு மீறினால் பூனையின் விழித்திரையைச் சிதைத்துப் பார்வையையே பறிக்கக்கூடியது. மருந்துக்கடையில் நாமே வாங்கி, கண்ணளவில் உடைத்துக் கொடுக்கும் மருந்து அல்ல அது.

ஆகவே, தொல்லை இரண்டாவது முறை வந்தால் முதலில் சிறுநீரைப் பரிசோதித்துவிட வேண்டும். தரையிலிருந்தும் தட்டிலிருந்தும் எடுத்த சிறுநீரில் வெளிக் கிருமிகள் கலந்துவிடுவதால் கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து இனம் காணும் பரிசோதனைக்கு, அது பயன்படாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் நேரடியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்போம். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ரத்தம் எடுப்பதைவிட இதைப் பூனைகள் அமைதியாகப் பொறுத்துக்கொள்கின்றன. கல் இருக்கிறதா என்று ஸ்கேனும் எக்ஸ்ரேயும் சொல்லிவிடும். ஸ்ட்ரூவைட் கல்லாக இருந்தால் அதற்கென்றே தயாரித்த உணவைக் கொடுத்துச் சில வாரங்களில் கரைத்துவிடலாம். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது, வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். சென்னையில் நிறைய வளர்க்கப்படும் பெர்ஷியன் பூனைகளுக்கு இந்த இரண்டாவது வகைக் கல் வரும் வாய்ப்பு அதிகம்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் அடுத்து வருவதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சளியும் படிகத் துகளும் சேர்ந்து அதை முழுவதும் அடைத்துவிடலாம். பூனை தட்டில் உட்கார்ந்து முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. வீட்டில் இருப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளை வீணாக்கிவிடுகிறார்கள். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரே போய்விடும். வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். காலை வரை காத்திருக்கக் கூடாது, இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, உங்கள் பகுதியில் உள்ள தனியார் மருத்துவமனையோ, இரவில் எங்கே பூனைக்குக் கதேட்டர் (அடைப்பை நீக்கிச் சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போடுவார்கள் என்று பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

கைவைத்தியமாகக் கொடுக்கப்படும் சிலவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இளநீர் நமக்கு நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். அடைப்பு உள்ள பூனைக்கு அது மேலும் கேடு. மனிதர்களின் நீர்க்கடுப்புக்கான சிட்ரேட் சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும். ஸ்ட்ரூவைட் வளர்வதற்கு அதுதான் ஏற்ற சூழல். எல்லாவற்றிலும் கொடியது பாராசிட்டமால். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். பூனைக்கு வலி உண்மையிலேயே கடுமையாக இருக்கும். அதற்குப் பூனைக்கென்று உள்ள வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, தொல்லை திரும்பாமல் பார்த்துக்கொள்வது. முதலில் தண்ணீர். பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. தாகம் குறைவு, சிறுநீர் மிக அடர்த்தி. நான்கு கிலோ பூனைக்கு உணவிலிருந்து கிடைப்பதையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் வேண்டும். உலர் தீனியில் பத்து சதவீத அளவுக்குத்தான் ஈரம் இருக்கிறது. பவுச்சிலும் டின்னிலும் வரும் ஈர உணவில் எழுபத்தைந்து சதவீதத்துக்கும் மேல். உலர் தீனியை மட்டுமே தின்று, அக்னி நட்சத்திர வெயிலில் வெந்நீராகிப்போன கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நகரும் பூனைக்கு இந்த நோய் வருவதில் வியப்பில்லை. ஈர உணவுக்கு மாற்றுங்கள்; செலவு தாங்காதென்றால் ஒரு வேளையாவது. அதிலும் ஒரு கரண்டி தண்ணீர் கலக்கலாம். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் நெத்திலியோ கோழியோ வேகவைத்த நீரைப் பூனைகள் விரும்பிக் குடிக்கும். கருவாடு வேண்டாம். அகலமான பீங்கான் கிண்ணங்களில், மணல் தட்டுக்கு எட்டத்தில், இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைத்துக் கோடையில் அடிக்கடி மாற்றுங்கள்.

அடுத்தது மணல் தட்டு. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகள் வேண்டும். சிறிய அடுக்கக வீட்டில் இது சிரமம் என்று தெரியும், ஆனாலும் இதை வலியுறுத்தவே செய்வேன். மே மாத வெயிலில் கொதிக்கும் பால்கனியிலும், அதிரும் வாஷிங் மெஷின் பக்கத்திலும் வைத்தால் பூனை அடக்கிக்கொள்ளும். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். தட்டை ஃபினாயிலால் கழுவ வேண்டாம். அது பூனைக்கு நஞ்சு. வாசனையும் அதை விரட்டும். சாதாரண சோப்புத் தண்ணீர் போதும்.

மூன்றாவதைத்தான் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை: பூனையின் பயமும் பதற்றமும். இந்த அழற்சி வரும் பூனைகளின் நரம்பு மண்டலம் சிறு மாற்றத்துக்கும் அளவுக்கு மீறி விழித்துக்கொள்கிறது, அது சிறுநீர்ப்பையில் வலியாக வெளிப்படுகிறது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் இதை நீண்டகாலம் ஆராய்ந்தார்கள். வீட்டுச் சூழலைப் பூனைக்கு ஏற்றபடி மாற்றியபோது சிறுநீர்த் தொல்லை கணிசமாகக் குறைந்ததை 2006இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நம் ஊரில் இதன் பொருள் என்ன? தீபாவளி வாரத்தில் உள் அறையில் அட்டைப்பெட்டியும் போர்வையும் போட்டு ஒளிய இடம் கொடுப்பது. மேல்வீட்டில் டைல்ஸ் அறுக்கும் நாட்களில் சத்தம் எட்டாத மூலையில் தண்ணீரும் தட்டும் வைப்பது. ஜன்னலில் வந்து உறுமும் தெருக் கடுவன் பூனை கண்ணில் படாமல் திரை போடுவது. ஏறி உட்கார உயரமான பலகை ஒன்று, நாள்தோறும் ஒரே நேரத்தில் சாப்பாடு, சற்று நேர விளையாட்டு. உடல் பருத்துப்போகாமல் இருக்கவும் இந்த விளையாட்டு உதவும்.

பத்து வயதைத் தாண்டிய பூனைகளின் கதை வேறு. சிறுநீரக நோய், சர்க்கரை, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை உள்ள பூனைகளுக்கு உண்மையான கிருமித்தொற்று வரும். கதேட்டர் போட்ட பூனைகளுக்கும் வரலாம். ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ வந்தால் அது தொடர் தொற்று. கல்ச்சர் அறிக்கையைப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருந்தை எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்கிறாரோ அத்தனை நாள் கொடுங்கள். மீந்ததை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அறிகுறி எதுவுமே இல்லாத கிழப் பூனையின் சிறுநீரில் கிருமி இருப்பதாக அறிக்கை வந்தால் பெரும்பாலும் ஆண்டிபயாடிக் தேவைப்படாது. சிறுநீரகத்துக்கும் சர்க்கரைக்குமான ரத்தப் பரிசோதனையை மட்டும் அப்போதே செய்துவிடுங்கள்.