அம்பயர் தருவது அழைப்பா, தீர்ப்பா?

பேஸ்பால் பற்றித் தமிழில் வரும் செய்திகளிலும் காணொளிகளின் அடிவரிகளிலும் "நடுவரின் சர்ச்சைக்குரிய அழைப்பு" என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அம்பயர் தவறாகச் சொல்லிவிட்டார், ரசிகர்கள் கொதிக்கிறார்கள் என்பதுதான் சேதி. படிப்பவருக்கோ, நடுவர் யாரையோ எங்கேயோ கூப்பிட்டார், அதில்தான் தகராறு என்று தோன்றும். ஆங்கிலத்தில் 'கால்' (call) என்று இருப்பதை அகராதியின் முதல் பொருளைப் பிடித்து 'அழைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. அங்கே வர வேண்டிய சொல் தீர்ப்பு.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். அம்பயர் என்பது பழைய பிரெஞ்சு 'நோன்பெர்' என்பதிலிருந்து வந்தது. நோன் என்றால் அல்ல, பெர் என்றால் இணை. இரு தரப்புக்கும் இணையாகாத மூன்றாம் ஆள் என்று பொருள். அது ஆங்கிலத்தில் 'எ நம்பயர்' என்று வழங்கி, 'ந்' என்ற ஒலி முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'ஆன் அம்பயர்' ஆயிற்று. நம் நடுவர் என்ற சொல் ஆளை இருவருக்கும் இடையில் நிறுத்துகிறது. நடுவு நிலைமை என்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆகவே அம்பயருக்கு நடுவர் என்பதில் குறை ஒன்றும் இல்லை. இலங்கை இதழ்களில் மத்தியஸ்தர் என்றும் எழுதுகிறார்கள். ஆனால் மத்தியஸ்தம் என்றால் இரு தரப்பையும் பேசி இணங்க வைப்பது. அம்பயர் யாரையும் இணங்க வைப்பதில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சரி, ஆளின் பெயரில் சிக்கல் இல்லை. அவர் செய்யும் வேலையின் பெயரில்தான் சிக்கல்.

'கால்' என்பது பழைய நோர்ஸ் மொழியின் 'கல்லா'விலிருந்து வந்தது. உரக்கக் கூவுவது என்று பொருள். பந்து விழுந்ததும் அம்பயர் 'ஸ்ட்ரைக்' (மட்டையாளர் அடிக்கத் தவறிய நல்ல பந்து; மூன்று சேர்ந்தால் அவர் அவுட்) என்றோ 'அவுட்' என்றோ கூவினார். கூவியதே தீர்ப்பாக இருந்ததால், கூவலின் பெயரே தீர்ப்புக்கும் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் நடந்த கதை இவ்வளவுதான். அந்தக் கதை தமிழில் நடக்கவில்லை என்பதைத்தான் மொழிபெயர்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் நான்கு ஆட்டம் வென்ற அணிக்குக் கோப்பை; அதில் 1985ஆம் ஆண்டின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அம்பயர் சர்ச்சை என்றால் அமெரிக்க ரசிகர்கள் இன்றும் முதலில் இழுப்பது இதைத்தான். அக்டோபர் 26, கான்சஸ் சிட்டி. மிசூரி மாநிலத்தின் இரண்டு ஊர்களுக்கு இடையே போட்டி: செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கான்சஸ் சிட்டி ராயல்ஸ். தொடரில் கார்டினல்ஸ் 3-2 என்று முன்னிலை. அன்றைய ஆட்டத்திலும் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் ராயல்ஸ் மட்டை பிடிக்கத் தொடங்கும்போது 1-0 என்று முன்னிலை. இன்னும் மூன்று அவுட் எடுத்தால் கோப்பை அவர்களுக்கு.

ராயல்ஸின் ஹோர்ஹே ஓர்டா பந்தைத் தரையோடு அடித்தார். அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸில் நின்ற கார்டினல்ஸின் ஜாக் கிளார்க் அதை எடுத்து, பேஸை நோக்கி ஓடிவந்த பந்து வீச்சாளர் டாட் வொரெலுக்கு எறிந்தார். பந்து கையுறைக்குள் வந்து, வொரெலின் கால் பேஸில் பட்ட பிறகுதான் ஓர்டாவின் கால் பட்டது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் ரன் அவுட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நின்ற அம்பயர் டான் டெங்கிங்கர் இரண்டு கைகளையும் விரித்து 'சேஃப்', அதாவது அவுட் இல்லை, என்று காட்டினார். தொலைக்காட்சியில் மறுபடி காட்டியபோது ஓர்டா தெளிவாக அவுட்.

முதல் பேஸில் நிற்கும் அம்பயர் கண்ணால் காலையும் பேஸையும் பார்ப்பார். பந்து கையுறையில் விழுவதைக் காதால் கேட்பார். அன்று அரங்கத்தின் இரைச்சலில் அந்தச் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று டெங்கிங்கர் பிற்காலத்தில் விளக்கினார். தான் சொன்னது தவறு என்றும் ஒப்புக்கொண்டார். பந்து விழும் சத்தமே கேட்காத இடத்தில் அம்பயரின் வாய்ச்சொல் யாருக்குக் கேட்டிருக்கும்? அரங்கம் முழுக்கப் பார்த்தது விரிந்த இரண்டு கைகளைத்தான். 'கால்' என்பதன் மூலப்பொருளான கூவலுக்கே அங்கே வேலையில்லை. அதைப் போய் 'டெங்கிங்கரின் அழைப்பு' என்று எழுதினால் ஆங்கிலத்துக்கும் உண்மையாக இல்லை, தமிழுக்கும் உண்மையாக இல்லை.

அழைப்பு என்ற சொல்லின் இயல்பைப் பாருங்கள். யாரை, எங்கே என்ற இரண்டு கேள்விகளும் அதோடு கூடவே வரும். கல்யாணத்துக்கு அழைப்பு, விசாரணைக்கு அழைப்பு, போருக்கு அழைப்பு. இப்போது தொலைபேசி அழைப்பும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றிலும் எதிர்முனையில் ஓர் ஆள் இருக்கிறார், அவர் வரலாம், வராமலும் இருக்கலாம். அழைப்பை ஏற்கலாம், மறுக்கலாம். தீர்ப்பு அப்படியல்ல. ஓர்டா சேஃப் என்றால் சேஃப். கார்டினல்ஸ் மேலாளர் வைட்டி ஹெர்சாக் ஓடிவந்து வாதாடினார், ஒன்றும் மாறவில்லை. அழைப்பு என்று எழுதும்போது அந்த அதிகாரமே சொல்லிலிருந்து கழன்று விழுகிறது. ரசிகர்கள் ஏன் இத்தனை வருஷம் கொதித்தார்கள் என்பதும் படிப்பவருக்குப் புரியாமல் போகிறது.

தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? தீர் என்ற வினையிலிருந்து. நோய் தீர்கிறது, கடன் தீர்கிறது, வழக்கைத் தீர்த்து வைக்கிறோம். தகராறு ஒன்று இருக்க வேண்டும், அதை ஒருவர் முடித்து வைக்க வேண்டும்; இந்த இரண்டும் அந்த வேரிலேயே இருக்கின்றன. நீதிமன்றச் சொல்லாயிற்றே, விளையாட்டுக்குப் பாரமாக இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றத்துக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்பு சொன்ன மக்கள் நாம். பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில் சொல்வதையும் தீர்ப்பு என்றுதான் சொல்கிறோம், யாருக்கும் அது பாரமாக இல்லை. நடுவர், தீர்ப்பு என்ற இரண்டு சொல்லும் மேடையில் ஏற்கெனவே ஜோடியாகப் பழகியவை. மைதானத்தில் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

அழைப்பைவிட நல்ல போட்டிச் சொற்களும் இருக்கின்றன. அவற்றை நேர்மையாக எடை போட வேண்டும். ஒன்று முடிவு. தமிழ் விளையாட்டுச் செய்தியாளர்கள் 'நடுவரின் முடிவு' என்று நெடுங்காலமாக எழுதுகிறார்கள், அது தவறில்லை. ஆனால் ஆட்டத்துக்கும் ஒரு முடிவு உண்டு. "நடுவரின் முடிவு ஆட்டத்தின் முடிவை மாற்றிவிட்டது" என்ற வாக்கியத்தில் முதல் முடிவும் இரண்டாம் முடிவும் வேறு வேறு என்று வாசகர் தானே பிரித்துக்கொள்ள வேண்டும். 1985 பற்றிய வாதமே இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியதுதான். "நடுவரின் தீர்ப்பு ஆட்டத்தின் முடிவை மாற்றிவிட்டது" என்று எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை.

இன்னொன்று அறிவிப்பு. கூவுதல் என்ற பழைய பொருளுக்கு இதுதான் மிக நெருக்கம். ஆனாலும் எனக்கு இது போதாது. அறிவிப்பு என்பது ஏற்கெனவே உள்ள ஒன்றைத் தெரிவிப்பது. ரயில் தாமதம் என்று அறிவிக்கிறார்கள். அறிவிப்பதால் ரயில் தாமதமாவதில்லை. அம்பயரின் சொல் வேறு வகை. தாம் சொல்லும் வரை எறிந்த பந்து ஸ்ட்ரைக்கும் இல்லை, பாலும் (தவறான இடத்தில் வந்த பந்து) இல்லை என்று பழைய பேஸ்பால் அம்பயர்கள் சொல்வார்கள். விதிப்புத்தகமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது: அவுட்டா சேஃப்பா, ஸ்ட்ரைக்கா பாலா என்று அம்பயர் தம் மதிப்பீட்டில் எடுக்கும் தீர்மானம், காணொளி மறுபார்வைக்குப் போகாத வரை, இறுதியானது என்கிறது. அங்கே தீர்மானம், மதிப்பீடு என்ற பொருளில்தான் பேசுகிறார்களே தவிர கூப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்படியென்றால் 'கால்' என்றே தமிழில் எழுதிவிடலாமே என்கிறார்கள் சிலர். பிறமொழிச் சொல் வந்தாலே தீட்டு என்று நினைக்கிறவன் அல்ல நான். அவுட், சேஃப், பேஸ், ஸ்ட்ரைக் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அம்பயரும் இருக்கட்டும். ஆனால் 'கால்' மட்டும் வேண்டாம், காரணம் தூய்மை அல்ல, தெளிவு. தமிழில் கால் என்றால் உடம்பின் கால். கிரிக்கெட்டில் 'அம்பயர்ஸ் கால்' என்று வர்ணனையில் சொல்கிறார்கள். பந்து பேட்ஸ்மேனின் காலில் பட்டதா, ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று பார்க்கும் எல்பிடபிள்யூ நேரத்தில்தான் அதிகம் சொல்கிறார்கள். எழுத்தில் படிக்கும்போது எந்தக் கால் என்று ஒரு நொடி தடுமாறுகிறது. களநடுவர் தீர்ப்பே நிற்கும் என்று சொன்னால் விதியும் கூடவே விளங்கிவிடும்: பந்தின் தடம் தெளிவாகக் காட்டாத இடத்தில், மைதானத்தில் நின்றவர் சொன்னதை மாற்றுவதில்லை.

அந்த நிற்கும் என்ற வினையை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் 2008இல் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) தகராறுகளுக்கு மட்டும் காணொளி மறுபார்வையைக் கொண்டுவந்தது. 2014இல் அதை விரித்து, மேலாளர்கள் ஆட்சேபிக்க வழி செய்தது. டெங்கிங்கருக்கு நேர்ந்தது இன்று நேர்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். மறுபார்வையில் மூன்று விதமாகப் பதில் வரும். அம்பயர் சொன்னது சரிதான் என்று படம் காட்டினால், தீர்ப்பு உறுதி. படம் எந்தப் பக்கமும் தெளிவாக இல்லையென்றால், தீர்ப்பு நிற்கும். தவறு என்று தெரிந்தால், தீர்ப்பு ரத்து. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேற்றுமை பெரியது; இரண்டாவதில் அம்பயர் சரி என்று யாரும் சொல்லவில்லை. இதையே 'அழைப்பு உறுதி செய்யப்பட்டது', 'அழைப்பு நிற்கிறது', 'அழைப்பு கவிழ்க்கப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள். முதலாவது கல்யாண மண்டபப் பதிவு போலிருக்கிறது. மற்ற இரண்டும் எந்தத் தமிழிலும் இல்லை.

ரசிகர்களின் வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் சொல் துல்லியமாக இருக்க வேண்டிய இடம் அதுதான். கார்டினல்ஸ் ரசிகர்கள் சொல்வது: அந்தத் தீர்ப்பு சரியாக இருந்திருந்தால் ஓர் அவுட் விழுந்திருக்கும், ஆள் யாரும் பேஸில் இல்லை, கோப்பை எங்களுடையது. ராயல்ஸ் ரசிகர்கள் சொல்வது: ஓர்டா ரன் எடுக்கவே இல்லை, பிறகு மூன்றாம் பேஸில் அவுட் ஆகிவிட்டார். ஸ்டீவ் பல்போனி உயரமாக அடித்த பந்தை ஜாக் கிளார்க் பிடிக்கத் தவறினார்; மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கார்டினல்ஸ் காட்சர் டேரல் போர்ட்டர் ஒரு பந்தைத் தவற விட்டதில் ஓட்டக்காரர்கள் முன்னேறினார்கள்; டேன் ஓர்க் அடித்த அடியில் இரண்டு ரன் வந்து 2-1. அதற்கும் அம்பயருக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த நாள் ஏழாவது ஆட்டத்தில் ராயல்ஸ் 11-0 என்று வென்றது. ஏழு ஆட்டத்திலும் சேர்த்து கார்டினல்ஸ் எடுத்தது 13 ரன்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு தவறு, ஆனால் தோல்விக்கு அது ஒன்றே காரணம் இல்லை என்பதுதான் என் எண்ணம். இதைத் தமிழில் சொல்லத் தீர்ப்பு, முடிவு என்ற இரண்டும் தனித்தனியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாதமே நடக்காது. டெங்கிங்கருக்கு மிரட்டல் கடிதங்கள் வரும் அளவுக்குப் போன விவகாரம் இது. அவர் 2023இல் காலமானபோதும் செய்திகள் அந்த ஒரு தீர்ப்பைத்தான் முதலில் சொல்லின.

விதியை வைத்துச் சொல்வதும் கண்ணால் பார்த்துச் சொல்வதும் வேறு என்பதையும் தமிழில் காட்ட வேண்டும். 1983 ஜூலை 24 அன்று நியூயார்க்கில் ராயல்ஸின் ஜார்ஜ் பிரெட் அடித்த ஹோம் ரன் செல்லாது, பேட்டில் பைன் மரப் பிசின் விதித்த அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்று அம்பயர்கள் அவரை அவுட் ஆக்கினார்கள். பிசின் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அதற்கு அவுட் தண்டனையா என்பதுதான் கேள்வி. லீக் தலைவர் லீ மெக்ஃபெய்ல் அதை மாற்றினார். ஆகஸ்ட் 18 அன்று விட்ட இடத்திலிருந்து ஆடி ராயல்ஸ் 5-4 என்று வென்றது. இப்படிப்பட்டதை விதித் தீர்ப்பு என்றும், டெங்கிங்கர் வகையைக் களத் தீர்ப்பு என்றும் பிரித்து எழுதலாம். தீர்ப்பு என்ற ஒரே வேரில் இரண்டும் கிளைக்கின்றன. அழைப்பில் இதற்கு வழியே இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் மீது எனக்கு உள்ள வருத்தம் இதுதான்: வாக்கியத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். 'நல்ல அழைப்பு எடுத்தார்' என்று எழுதுபவர் ஒரு முறை வாய்விட்டு வாசித்திருந்தால் போதும், கை நின்றிருக்கும். இதன் உறவுச் சொற்களும் இப்படித்தான் கெடுகின்றன. அம்பயர் கோட்டைவிட்டதைக் கோட்டைவிட்ட தீர்ப்பு எனலாம். மயிரிழையில் சொன்னதை மயிரிழைத் தீர்ப்பு எனலாம். முன்னால் செய்த தவறுக்குப் பரிகாரமாகச் சொல்வதை ஈடுகட்டும் தீர்ப்பு எனலாம். சொல்ல வேண்டிய இடத்தில் அம்பயர் சும்மா இருந்துவிட்டால், அதற்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம்: நடுவர் கண்டுகொள்ளவில்லை. மட்டையை வீசாமல் நின்றவருக்கு மூன்றாவது ஸ்ட்ரைக் சொன்னால், 'அழைக்கப்பட்ட மூன்றாம் ஸ்ட்ரைக்' என்று எழுதுகிறார்கள். பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனார் என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் புரியும்.