டயர் – சக்கரம் உடுத்திக்கிட்ட சொல்

மச்சான் எலக்ட்ரிக் கார் வாங்கி நாலு வருஷம் ஆச்சு, டயர் தேஞ்சுபோய் மாத்துற நேரம். கடையில போய் "சைலண்ட் டயர் இருக்கா"ன்னு கேட்டிருக்காரு, அவங்க நாலஞ்சு எடுத்து வச்சதும் குழம்பிப்போய் எனக்கு போன் பண்ணாரு. பேசிட்டு வைக்கிறப்போ "ஆமா மாப்ள, டயருக்குத் தமிழ்ல என்ன?"ன்னு ஒரு கேள்வி. அதுக்கு சரியா பதில் சொல்லணும்னு தோணுச்சு, அதான் இது.

இங்கிலீஷ்ல அட்டையர்னு ஒரு சொல் இருக்கே, உடுப்பு, அலங்காரம்னு அர்த்தம், அதோட முன்னெழுத்து உதிர்ந்து வந்ததுதான் டயர். 15ஆம் நூற்றாண்டுல வண்டிச் சக்கரத்து மரம் தேயாம இருக்க மேல இரும்புத் தகடு அடிச்சாங்க, சக்கரத்துக்கு உடுப்பு போட்ட மாதிரி இருந்ததால அந்தப் பேரு. ரப்பர் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. "டயர்டா இருக்கு"ன்னு சொல்றோமே அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது வேற வேர்.

நம்ம ஊர்லயும் அதே வேலை நடந்துச்சு. மாட்டுவண்டிச் சக்கரத்துல நடுவுல குடம், அதுல இருந்து ஆரக்கால், சுத்தி வட்டை, அதுக்கு மேல இரும்புப் பட்டா. பட்டாவ நெருப்புல காய்ச்சி விரிய வச்சு மாட்டி, உடனே தண்ணி ஊத்துவாங்க, அது சுருங்கி மரத்தை இறுக்கிக் கவ்விக்கும். ரப்பர் சக்கரம் வந்ததும் அது "டயர் வண்டி" ஆயிடுச்சு, பழசு கட்டைவண்டி. இலங்கைத் தமிழர்கள் சக்கரத்தைச் சில்லுன்னும் டயரை ரயர்னும் சொல்றாங்க.

தமிழ்ச் சொல்னு சுத்துற சைக்கிள் பாகங்கள் பட்டியல்ல டயர் வன் சக்கரம், டியூப் மென் சக்கரம்னு இருக்கும். எனக்கு அது ஒத்துக்கல, ஏன்னா டயர் சக்கரமே இல்ல, சக்கரம் போட்டுக்கிறது. டயருக்கு உருளிப்பட்டைன்னு இன்னொரு சொல் இருக்கு, அது பரவாயில்ல, பட்டாவோட வாசனை அதுல இருக்கு.

ஆனா என் மனசுக்குப் பிடிச்ச சொல் சூட்டு. பெரும்பாணாற்றுப்படைங்கிற சங்க நூல்ல உப்பு வணிகரோட வண்டியச் சொல்ற இடத்துல "கொழுஞ்சூட் டருந்திய திருந்துநிலை யாரத்து முழவி னன்ன முழுமர வுருளி"ன்னு வரும். ஆரக்காலைச் சுத்தி விளிம்புல இருக்கிற வளைவு மரம்தான் இங்க சூட்டு. அதே சொல்லுக்கு தலையில சூடுற மாலை, சேவலோட கொண்டைன்னும் பொருள் உண்டு. அதாவது சூடிக்கிறது. இங்கிலீஷ்காரன் டயருக்கு உடுப்புன்னு பேர் வச்சான், நம்மாளு பல நூற்றாண்டு முன்னாடியே சூட்டுன்னு வச்சிருக்கான், ரெண்டு மொழியும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம ஒரே மாதிரி யோசிச்சிருக்கு பாருங்க, இதைக் கவனிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம். சூட்டுங்கிறது அப்போ மரம்தான், ஆனா டயரும் முதல்ல இரும்புதானே, சொல் ரப்பருக்கு நகர்ந்துச்சுல்ல, அப்படி இதுவும் நகரலாம்.

இப்போ "சைலண்ட்". 1845ல ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் காத்தடைச்ச டயருக்கு காப்புரிமை வாங்கினப்போ, வண்டி இழுக்கிற பாரம் குறையும், ஓட்டம் சுகமா இருக்கும்ங்கிறதோட சத்தமும் குறையும்னு எழுதியிருக்காரு. காத்து டயருக்குப் பேர்போன டன்லப் வர்றது 1888ல தான். ஆக சத்தம் குறைக்கிறது காத்து டயரோட பிறவிக்குணம். எஞ்சின் சத்தம் இருந்தவரைக்கும் டயர் சத்தம் அதுல அமுங்கிப்போச்சு, எலக்ட்ரிக் கார்ல அது தனியா கேக்குது, அவ்வளவுதான்.

அதனால சைலண்ட்னா நிசப்தம் இல்ல, "இரைச்சல் தணிஞ்ச டயர்"னு சொன்னா சரியா இருக்கும். இதுல ரெண்டு சத்தம் இருக்கு, நம்மகிட்ட ரெண்டு சொல்லும் இருக்கு. ரோட்டுல பட்டன் (டயர் மேல வெட்டு வெட்டா இருக்கிற கட்டங்கள்) உரசி வர்றது இரைச்சல், மழை இரைச்சல் மாதிரி. டயருக்குள்ள அடைபட்ட காத்து 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல அதிர்ந்து கும்முனு வர்றது முழக்கம். (முழவின் அன்ன, அதாவது மத்தளம் மாதிரின்னு புலவர் சொன்னது சக்கரத்தோட உருவத்துக்கு, இங்க சத்தத்துக்கும் பொருந்துது.) உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டின டயர், கான்டிசைலண்ட், மிச்செலின் அகௌஸ்டிக் மாதிரி, முழக்கத்தைத்தான் அடக்கும். இரைச்சல் குறையணும்னா பட்டன் கட்டம் ஒரே அளவா இல்லாம மாறி மாறி இருக்கணும், அப்போ ஒரே சுருதியில சேர்ந்து ஊளையிடாது.

மச்சானுக்கு சொன்னது இதுதான்: டயரோட வர்ற ஐரோப்பிய லேபிள்ல இருக்கிற டெசிபல் (சத்த அளவு) வண்டிக்கு வெளியில அளந்தது, உள்ள கேக்குறதுக்கு அது கணக்கு இல்ல. சைஸ் மாத்தாதீங்க, பேட்டரி பாரத்துக்கு லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடையைச் சொல்ற எண்) பழசை விட குறையவே கூடாது. வீல் அலைன்மென்ட் பார்க்காம ஓட்டினா நல்ல டயரும் கோணலா தேஞ்சு இரைய ஆரம்பிச்சிடும். ஸ்பாஞ்ச் வச்சது எடுத்தா பஞ்சர் போடுறப்போ அந்த இடத்துல ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துட்டுதான் ஒட்டணும், அது தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்காரான்னு முதல்ல விசாரிச்சுக்கங்க. கடையில சூட்டுன்னு கேட்டா இப்போதைக்கு புரியாது, "உள்ள ஸ்பாஞ்ச் ஒட்டின டயர் இருக்கா"ன்னே கேளுங்க.