உள்ளடக்கிய கல்வியா, உள்ளடங்கிய கல்வியா?

ஒரே சுற்றறிக்கையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். தலைப்பில் 'உள்ளடக்கிய கல்வி', கீழே ஒருவரின் பதவிப் பெயரில் 'உள்ளடங்கிய கல்வி'. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே வகுப்பில் படிப்பதைக் குறிக்கும் 'இன்க்ளூசிவ் எஜுகேஷன்' என்பதற்குத்தான் இரண்டும். ஓர் எழுத்துதானே என்று விட முடியவில்லை.

அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. திருந்து, திருத்து போல. 'பெட்டியில் அடங்கிய துணி' என்றால் துணி பெட்டிக்குள் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 'உள்ளடங்கிய கல்வி' என்பது வேறு எதற்குள்ளோ அடங்கிக் கிடக்கும் கல்வி. நாம் சொல்ல வந்ததோ பிள்ளைகள் எல்லோரையும் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் கல்வியை. ஆகவே 'உள்ளடக்கிய' என்பதே சரி. இலங்கையில் 'உட்படுத்தல் கல்வி' என்கிறார்கள், அதுவும் பிறவினைதான்.

ஆனால் 'அடக்கு' என்றதும் கலவரத்தை அடக்குவதும், 'உட்படுத்து' என்றதும் விசாரணையும் நினைவுக்கு வருகின்றனவே என்றால், மூலச்சொல்லும் யோக்கியமில்லை. லத்தீன் 'இன்க்ளூதெரே'வுக்கு உள்ளே வைத்து மூடுவது என்றுதான் பொருள். 'எக்ஸ்க்ளூட்' அதன் உடன்பிறப்பு: வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது.

இதற்கு முன்பு புழங்கிய சொல் 'ஒருங்கிணைந்த கல்வி'. மத்திய அரசு 1974-இல் ஊனமுற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே அது உண்டு. இன்று அதே சொல் குழப்பம் தருகிறது. தமிழ்நாட்டில் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்பது சமக்ர சிக்ஷா என்னும் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் பெயர். அங்கே ஒருங்கிணைந்தவை பழைய திட்டங்கள், பிள்ளைகள் அல்ல!

'ஒருங்கிணைந்த', 'உள்ளடக்கிய' என்ற இரண்டு சொல்லுக்கும் என்ன வேறுபாடு? நான் பார்த்த ஒரு பள்ளியில் பையன் ஒருவனின் பெயர் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்தது. சிறப்பாசிரியர் வரும் நாளில் அவனை வராந்தாவுக்கு அழைத்துப் போவார். மற்ற நாட்களில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பான். சாய்தளம் இருந்தது, தலைமையாசிரியர் அறை வரைக்கும். இதை ஒருங்கிணைப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்: பள்ளி இருந்தபடியே இருக்கும், பிள்ளைதான் அதற்குத் தக்கபடி வளைய வேண்டும். இன்னொரு வகுப்பில் பார்வை மங்கிய சிறுமிக்காக ஆசிரியை கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். தனி ஏற்பாடு எதுவும் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கும் பாடம் கூடுதலாகத்தான் விளங்கியிருக்கும். இதுதான் உள்ளடக்கிய கல்வி.

1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'இன்க்ளூசிவ் எஜுகேஷன்' என்ற சொல் உலகெங்கும் பரவியது. நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு வரையறையே தருகிறது: குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து படிப்பது, அதோடு, கற்பிக்கும் முறையை அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது. பலரும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எழுதும்போது 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்று முழுதாக எழுதினால் எழுத்துக் குழப்பமே வராது. அப்புறம், 'நார்மல் ஸ்கூல்' என்று சொல்கிறோமே, அதற்குப் 'பொதுப்பள்ளி' போதும்.