ஏலக்காய்தானே, டாக்டரம்மா?

இரண்டு மாதம் முன்பு அம்மாவும் பையனுமாக வந்தார்கள். பையனுக்கு 19 வயது, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அம்மாதான் பேசினார். "ரசம் சாதம்கூட எரியுதுங்கிறான் டாக்டரம்மா. மூணு மாசமா தயிர் சாதத்துலதான் ஓடுது. வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், கேட்கல." நான் வாயைத் திறக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் திற தம்பி என்றேன். "இவ்வளவுதான் மேடம் வருது."

உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு உள்ளே போகும். அந்தப் பையனுக்கு ஒன்றரை விரல்தான் போனது. மெத்தென்று சிவந்திருக்க வேண்டிய உள்கன்னம் பளிங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது, விரலை ஓட்டினால் அடியில் கயிறு கட்டி வைத்ததுபோல மேலிருந்து கீழாக நார் நாராகத் தட்டுப்பட்டது. நாக்கை நீட்டச் சொன்னால் உதட்டைத் தாண்டவில்லை. பலூன் ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்பச் சொன்னேன், உப்ப முடியவில்லை.

என்ன போடுகிறாய் என்று கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க வீட்ல பீடி சிகரெட் வாசனையே கிடையாதுங்க என்றார். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "பாக்குதான் மேடம். புகையிலை கிடையாது. டிவில ஏலக்காய்னு வருமே, அந்தக் கம்பெனிதான்."

அவனுக்கு அப்புறம் மூன்று பேர் இதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்கள். நேற்று சொன்னவர் இரண்டு குழந்தைகளுக்கு அப்பா, படித்தவர், என்னையே சமாதானப்படுத்துகிற தொனியில் "ஏலக்காய்தானே டாக்டரம்மா" என்றார். பொறுமை போய்விட்டது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இந்த "புகையிலை இல்லை" விஷயத்தை ஒரு வழி பண்ணிவிடுவோம். பொட்டலத்தில் புகையிலை இல்லை என்று போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் அதில் புகையிலை இல்லை என்பது மட்டும்தான். கெடுதல் இல்லை என்று அர்த்தம் இல்லை. கடைக்காரர் "இதில் எலி மருந்து கலக்கவில்லை" என்று எழுதி ஒட்டினால் உடம்புக்கு நல்லது போலிருக்கிறது என்று வாங்கிப் போவோமா? பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவான ஐஏஆர்சி 2004-ல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் வைத்தார்கள். சந்தேகத்துக்குரியவை என்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே வைக்கவில்லை. புகையிலை இருக்கிற அதே பிரிவில் வைத்தார்கள். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் வாயின் உள்தோலுக்கு அடியில் நாரை வளர்த்துக்கொண்டே போகும். அந்த நார் இறுகினால் வாய் திறக்காது. இந்த நோய்க்கு சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். இது வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் வாய்ப்புற்று வருகிறது. யாருக்கு வரும் யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல என்னிடம் கருவி எதுவும் இல்லை. (1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் இதைப் பார்த்து, காரணம் புரியாத நோய் என்று பெயர் வைத்தார். காரணம் இன்று பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது.)

உடனே ஒரு கேள்வி வரும், எனக்கும் பழகிவிட்டது: "எங்க பாட்டி எண்பது வயசு வரைக்கும் வெத்தலை பாக்கு போட்டாங்களே?" போட்டார்கள். போட்டவர்களில் வாய்ப்புற்று வந்து செத்துப்போன பாட்டிகளும் இருக்கிறார்கள், அவர்களை நாம் கதை சொல்லும்போது சேர்ப்பதில்லை. தவிர, பாட்டி சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை மடித்துப் போட்டார், அதில் பாக்கு ஒரு சின்னச் சீவல். இந்தப் பையன் காலையில் பல் தேய்த்ததும் ஒரு பொட்டலம், பஸ் ஏறும்போது ஒன்று, கிரவுண்டில் ஒன்று என்று நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கியே வைத்திருக்கிறான். காய்ந்த பாக்குத் தூள், வாசனை, இனிப்பு. இரண்டையும் ஒன்று என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம்.

கடையில் வாங்குகிற பான் மசாலா பொட்டலத்தில் "பான் மசாலா மெல்லுவது உடல்நலத்துக்குக் கேடு" என்று அச்சடித்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. அதே பெயரில், அதே வண்ணத்தில், அதே எழுத்து வடிவத்தில் ஏலக்காய் என்று ஒரு டப்பாவைப் போட்டு அதற்கு விளம்பரம் எடுத்தால்? ஏலக்காய்க்கு எச்சரிக்கை வாசகம் எதற்கு? எச்சரிக்கை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நடிகர் அந்த டப்பாவைத் திறந்து வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். கிரிக்கெட் ஓவருக்கு ஓவர் சிரிக்கிறார். பையன் கடைக்குப் போனதும் ஏலக்காய் கேட்பதில்லை, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். கடைக்காரர் கை எதை எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். புகையிலை கலந்த குட்காவுக்குத் தடை வந்த பிறகு இன்னொரு வித்தையும் வந்தது. பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம், தனித்தனியாக விற்பார்கள், வாங்குகிறவன் உள்ளங்கையில் கலந்துகொள்வான். தமிழ்நாட்டில் 2013 மே மாதத்திலிருந்து குட்காவுக்குத் தடை இருக்கிறது. தடை இருக்கிற ஊரில் இருந்துகொண்டுதான் நான் இதை எழுதுகிறேன்.

இதற்கு மறைமுக விளம்பரம் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு பினாமி விளம்பரம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சொத்து ஒருவனுடையது, பத்திரம் ஏலக்காய் பெயரில்.

மது கம்பெனிகள் இதில் சீனியர்கள். சோடா, தண்ணீர் பாட்டில், கண்ணாடி டம்ளர், மியூசிக் சிடி என்று மதுவின் பெயரை ஒட்டி விளம்பரம் எடுப்பார்கள். அந்த சிடியை நீங்கள் எப்போதாவது வாங்கியிருக்கிறீர்களா? யார் வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? நாட்டில் சிடி பிளேயரே காணாமல் போன பிறகும் அந்த விளம்பரங்களில் சிடி ஓடிக்கொண்டிருந்தது. சிகரெட்டும் அப்படித்தான். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. இந்திய அணியின் சட்டையில் சிகரெட் பெயரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதை அப்போது விளம்பரம் என்றே நினைக்கவில்லை, டீமின் பெயர் என்று நினைத்தோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்பவர்களுக்கு: 1991-ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு சிகரெட் கம்பெனியின் கார்ட்டூன் ஒட்டகத்தையும் மிக்கி மவுஸையும் 6 வயதுக் குழந்தைகளிடம் காட்டினால், இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு அடையாளம் சொன்னார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத வயசு அது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. புகையிலைப் பொருட்களுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் கூடாது என்று 2003-ல் வந்த கோட்பா என்கிற புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் தடவை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறை இருக்கட்டும், அந்த ஆயிரம் ரூபாயை இன்னொரு தடவை படியுங்கள். டிவியில் மது, புகையிலைக்கு மறைமுகமாகக்கூட விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதிகளும் சொல்கின்றன. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒருபடி மேலே போய், விளம்பரம் தடை செய்யப்பட்ட பொருளின் பெயர், சின்னம், வண்ணம், அமைப்பு எதையாவது வைத்து இன்னொரு பொருளுக்கு விளம்பரம் செய்தால் அது மறைமுக விளம்பரம், செய்யக்கூடாது என்று தெளிவாக எழுதியது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். நடித்தவர்கள் மேலும் கை வைக்கலாம். படித்தபோது கைதட்டலாம் போலிருந்தது, அதற்குக் கீழேயே ஒரு வரி: வேறு ஆட்சேபம் இல்லாத பட்சத்தில், கம்பெனி பெயரோ பிராண்டு பெயரோ வருவதை மட்டும் வைத்து மறைமுக விளம்பரம் என்று கொள்ளக்கூடாது. பெயர்தானே ஐயா விஷயமே! 2025 மார்ச்சில்கூட ஐபிஎல் தொடங்குவதற்கு முன் மத்திய சுகாதாரத் துறை கடிதம் எழுதியது, மைதானத்திலும் ஒளிபரப்பிலும் புகையிலை, மது விளம்பரம் வேண்டாம், மறைமுகமானதும் வேண்டாம் என்று. கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்பதிலேயே நிலைமை தெரிகிறதல்லவா.

நடிகர்களைப் பற்றி ஒன்று. 2021 அக்டோபரில் அமிதாப் பச்சன் ஒரு பான் மசாலா ஒப்பந்தத்திலிருந்து விலகிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஒப்பந்தம் போட்டபோது அது மறைமுக விளம்பரம் என்று தெரியாது என்று அவர் தரப்பில் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் அக்‌ஷய் குமார், இப்படி ஒரு ஏலக்காய் விளம்பரத்தில் நடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நல்லது. அத்தனை ஆலோசகர்களை வைத்திருக்கிறவருக்கே தெரியாமல் போகிறது என்றால் பாலிடெக்னிக் பையனுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எங்கள் ஆட்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. நோயாளியிடம் நாம் நிரப்பும் தாளில் "புகையிலைப் பழக்கம்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம். பையன் பொய் சொல்லவில்லை, இல்லை என்றுதான் சொல்வான், நாமும் டிக் அடித்துவிட்டு வாய்ப்புண்ணுக்கு ஜெல் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவோம். இந்தப் பையனே ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஜெல் வாங்கியவன். "வாயில என்ன போட்டுக்குவீங்க, ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேளுங்கள், தானாகப் பதில் வரும்.

பெற்றவர்களுக்கு: பிள்ளை திடீரென்று காரம் ஒதுக்கினால், சாப்பாட்டுக்கு எரிகிறது என்றால், கொட்டாவியே பாதியில் நின்றால் வைட்டமின் மாத்திரை வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள். சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். மூன்று விரல் சோதனையை வீட்டில் எல்லோருமே இன்று ராத்திரி செய்து பாருங்கள், காசா பணமா. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தாலும், புண் 2 வாரத்தில் ஆறாவிட்டாலும் அருகிலுள்ள பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திட்டுவார்களே என்று பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்களைத்தான் நான் அதிகம் திட்டியிருக்கிறேன். பழக்கத்தை விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், புகையிலையை விட உதவுவதற்கென்றே இருக்கிற எண். டிவியில், போனில், பஸ்ஸின் பின்பக்கத்தில் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஒரு போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். கல்லூரி விழாவுக்கு மது பெயரில் இருக்கிற சோடா கம்பெனி ஸ்பான்சர் பண்ணுகிறது என்று துள்ளிக்கொண்டு வரும் மாணவர்களே, அந்த சோடாவை எந்தக் கடையில் வாங்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். இறுகிய நார் பழையபடி ஆகாது, அதை அவனிடம் மறைக்கவில்லை. பாக்கை நிறுத்தினான், கன்னத்தில் ஊசி போடுகிறோம், வீட்டில் பயிற்சி. பயிற்சிக்குப் பெரிய கருவியெல்லாம் இல்லை, ஐஸ் குச்சிதான். மரக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு சில நிமிடம் உட்கார வேண்டும். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சி செருக வேண்டும். வலிக்கும், எச்சில் வடியும், தங்கச்சி சிரிப்பாளாம். முதல் நாள் 11 குச்சி போனது. போன செவ்வாய்க்கிழமை 14. எண்ணிக் காட்டினான், அம்மாவும் கூடவே எண்ணினார். பரோட்டா சாப்பிடலாமா மேடம் என்று கேட்டான். பிய்த்துச் சாப்பிடு, சால்னா வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.